சமாரியன் கேட்காத கடிதம்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1852ஆம், 1853ஆம் ஆண்டுகளில் மாதப் பகுதிகளாக வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' நாவலில் திருமதி ஜெலிபி என்றொரு பாத்திரம் வருகின்றது. நைஜர் நதிக்கரையில் இருப்பதாக டிக்கன்ஸ் கற்பித்த ஒரு நாட்டின் மக்களை ஈடேற்றுவதற்காக இராப்பகலாகக் கடிதங்கள் எழுதுவிக்கும் அம்மையார் அவர். அக்கடிதங்களை எழுதிக் கொடுக்கும் மூத்த மகள் மையிலே தோய்ந்து கிடக்கின்றாள். சின்னப் பிள்ளைகள் கவனிப்பாரின்றிப் படிக்கட்டில் உருண்டு விழுகின்றனர். அதே நாவலில், அந்நிய தேசங்களில் சுவிசேஷம் பரப்புவதற்கென அமைந்த ஒரு சங்கத்தின் வாசற்படியிலே குந்தியிருந்து, தெருக்கூட்டும் சிறுவனான ஜோ தன் அழுக்கு ரொட்டியைத் தின்கின்றான். அவ்வளவு பெரிய கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது அவனுக்குத் தெரியாது.

வாசகர் இங்கே சிரிப்பர். நாமும் முதல் வாசிப்பில் சிரித்தோம். மறுமுறை வாசித்தபொழுது டிக்கன்ஸின் கிண்டல் பாதி வழியிலே நின்றுவிட்டதை உணர்ந்தோம். அந்நாவலிலே ஆபிரிக்கர் எவரும் வாய் திறப்பதில்லை. இறுதியில் அந்நாட்டு அரசன் சாராயத்துக்காக எல்லோரையும் விற்க முனைந்தான் என்று ஒரே வரியில் அத்திட்டத்தையும் அம்மக்களையும் ஆசிரியர் ஒருங்கே தொலைத்துவிடுகின்றார். 'உன் வீட்டைப் பார்த்த பின்பு ஊரைப் பார்' என்னும் நியாயம் குறுகிய நியாயமே. தூரத்துப் பிள்ளையின் பசியும் பசிதான். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. தூரத்துக்கு உதவி செல்லும்பொழுது கடிதத்தை எழுதுவது யார்? பதில் எழுதக் கடமைப்பட்டவர் யார்?

மேல்நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு வழக்கம் உண்டு. ஆசியாவிலோ ஆபிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ வாழும் ஒரு பிள்ளையின் புகைப்படம் சமையலறையில், குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். அப்பிள்ளைக்கென மாதந்தோறும் ஒரு தொகை அனுப்பப்படும். குடும்ப செபத்தில் அதன் பெயர் சொல்லப்படும். ஆண்டில் இரண்டொரு முறை பிள்ளையிடமிருந்து ஒரு கடிதமும் ஒரு படமும் வந்து சேரும். இதனைப் பிள்ளை ஆதரவு என்பர். கொடுப்பவர் இதைத் தம் விசுவாசத்தின் கனியாகவே கருதுகின்றார். அவருடைய மனச்சுத்தியை நாம் ஐயுறவில்லை. சொற்ப சம்பளத்திலிருந்து இதற்கெனப் பணம் ஒதுக்கும் தொழிலாளரும் விதவைகளும் அவர்களுட் பலர். நாம் இங்கே விசாரிப்பது மனங்களையன்று, ஓர் உருவத்தை. புகைப்படம், மாதப்பணம், நன்றிக் கடிதம் என்னும் மூன்றும் சேர்ந்த அவ்வுருவம் ஏறத்தாழ ஓர் இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. எந்த இலக்கிய வகைக்கும் போல இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதற்குள் ஒரு வர்க்கப் பார்வையும் உண்டு.

இன்று உலகெங்கும் பரந்துள்ள 'வேர்ல்ட் விஷன்' நிறுவனத்தை 1950இல் தொடக்கியவர் பொப் பியர்ஸ் என்னும் அமெரிக்கப் பிரசங்கியார். அவர் தம் பணியின் தோற்றத்தைப் பின்வரும் கதையிலே காட்டுவது வழக்கம். 1947இல் சீனாவின் அமோய் நகரில் ஒரு பள்ளிச் சிறுமி அவருடைய பிரசங்கத்தைக் கேட்டாள். வீட்டுக்குச் சென்று தான் கிறிஸ்தவளாகிவிட்டதாகக் கூறினாள். தகப்பனால் அடியுண்டு துரத்தப்பட்டாள். அப்பள்ளியில் இருந்த பெண் மிஷனரி அப்பிள்ளையை அவர் கையிலே தூக்கிக் கொடுத்து, 'இதற்கு என்ன செய்யப்போகின்றீர்?' என்று கேட்டார். தம்மிடமிருந்த ஐந்து டொலரைக் கொடுத்த பியர்ஸ், மாதந்தோறும் அவ்வளவு தொகையை அனுப்புவதாக வாக்களித்தார்.

நெஞ்சைத் தொடும் கதை இது. எனினும் விமர்சகன் நெஞ்சு தொடப்பட்ட இடத்தில் சற்று நிற்கவேண்டியவன். இச்சிறுமி அநாதையல்லள். அவளுக்குத் தகப்பன் உண்டு, வீடு உண்டு. அவ்வீட்டை அவள் இழந்ததற்குக் காரணம் அந்தப் பிரசங்கத்தின் விளைவே. அந்தப் பெண் மிஷனரியின் கேள்வியில் இந்தப் பொறுப்பு தெளிவாக ஒலிக்கின்றது. அவ்வம்மையார் பிரசங்கியாரிடம் கேட்டது தருமமன்று, கணக்கு. பின்வந்த மேடைகளிலோ அக்கணக்கு கருணையாக மாறிற்று. கடன் தீர்த்தவர் கொடையாளியானார். இவ்வகையின் முதற்கதையிலேயே இந்தத் திரிபு நிகழ்ந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இத்திரிபு பெருமளவில் நிகழ்ந்த இடம் கொரியா. 1950 முதல் 1953 வரை நடந்த போரின் முடிவில் அந்நாட்டின் வீதிகள் பெற்றோரை இழந்த பிள்ளைகளால் நிறைந்திருந்தன. 1952இல் கொரியாவுக்குச் சென்று அக்காட்சியைக் கண்ட எவரெட் ஸ்வான்சன் என்னும் பிரசங்கியாரே இன்று 'கொம்பஷன்' எனப்படும் நிறுவனத்தின் மூலவர். பியர்ஸ் கொரியாவிற் படம் பிடித்து அமெரிக்கத் தேவாலயங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் திரையிட்டார். பார்த்தவர்கள் அழுதனர், பணம் அனுப்பினர். ஒரேகன் மாநிலத்தின் ஹோல்ட் தம்பதியர் அவ்வாறு பார்த்து, முதலிற் பணம் அனுப்பி, பின்னர் 1955இல் எட்டுக் கொரியப் பிள்ளைகளைத் தத்தெடுத்தனர். நாடுவிட்டு நாடு பிள்ளைகளைத் தத்தெடுக்கும் பெருவழக்கு அதிலிருந்தே விரிந்தது.

அக்காட்சிகளுக்குப் பின்னே நின்ற ஓர் எண்ணிக்கை உண்டு. அப்போரில் அமெரிக்கா கொரியா மீது வீசிய குண்டுகளின் நிறை ஏறத்தாழ 6,35,000 தொன். அதற்கு மேலாக 32,000 தொன்னுக்கு மிகுந்த நேபாம் எரிகுண்டு. அநாதைகளை ஆக்கியவர் ஒரு பக்கத்தினர் மட்டுமே என்று நாம் கூற வரவில்லை. ஆனால் மண்டபத்தில் இருந்தவர் கண்ணீரோடு கொடுத்த ஐந்து டொலரும், அவரே வரியாகக் கொடுத்துக் குண்டாகிப் பறந்த டொலரும் ஒரே சட்டைப்பையிலிருந்தே சென்றன. இரண்டாவது டொலரை முதலாவது டொலர் மறைத்தது. பிள்ளையின் முகம் எவ்வளவுக்கெவ்வளவு அண்மையில் காட்டப்படுகின்றதோ அவ்வளவுக்கவ்வளவு அதன் பின்னணி மங்கிப்போகும். இது புகைப்படக் கருவியின் இயல்பு. அரசியலுக்கும் அது வாய்ப்பாயிற்று. பின்னணியில் மங்கிப்போனவர்களுட் பெற்றோரும் அடங்குவர். தத்தெடுப்புக்காக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பற்றி விசாரித்த தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவிலே, பெற்றோர் உயிரோடிருக்கப் பிள்ளைகள் அநாதைகளாகப் பதியப்பட்ட செய்தியும் இருந்தது. 'அநாதை' என்பது சில வேளைகளில் ஒரு நிலைமையாக இருக்கவில்லை. எழுதுபவரின் பேனாவாற் பிறந்தது.

இவ்வழக்கம் கொரியாவோடு தோன்றியதென்று நினைப்பவர் யாழ்ப்பாணத்தின் சரித்திரத்தைப் பார்க்கவேண்டும். 1816இல் இங்கு கால்கொண்ட அமெரிக்க மிஷன், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் விடுதிப் பள்ளிகளை அமைத்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலும் ஆரம்பமாயின. பிள்ளைகளின் ஊணுக்கும் உடைக்கும் வேண்டிய பணம் அமெரிக்காவின் தேவாலயங்களிலிருந்தும் பெண்கள் சங்கங்களிலிருந்தும் தனிப்பட்ட நன்கொடையாளரிடமிருந்தும் வந்தது. ஆண்டுக்குச் சில டொலரை அனுப்புபவர் ஒரு பிள்ளையைத் தம்முடையதாகக் கொள்ளலாம். அப்பிள்ளைக்கு ஒரு பெயரும் சூட்டலாம். சுதுமலையிலும் சண்டிலிப்பாயிலும் பிறந்த பிள்ளைகள் நியூ இங்கிலாந்துப் போதகர்களின் பெயர்களைத் தாங்கியமைக்கு இதுவே வழி.

ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்களைத் தமிழிலக்கிய மாணவர் ஒருவரும் மறவார். 1841இல் தோன்றிய 'உதயதாரகை'யின் ஆசிரியராக விளங்கிப் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தவர் முதலாமவர். தருக்க நூலைத் தமிழில் எழுதியவர் இரண்டாமவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857இல் வெளிவந்த இருவருள் ஒருவர் மூன்றாமவர். இவர்கள் பெற்ற கல்வி பெருங்கல்வி. வானசாத்திரமும் கணிதமும் தமிழிலக்கணமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்ட அக்கல்லூரி இல்லாதிருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வரலாறு வேறாக இருந்திருக்கும். இதை மறைப்பவன் நேர்மையான விமர்சகனாகான். மிஷன் கொடுத்ததை நன்றியுடன் ஒப்புக்கொண்டே, மிஷன் எடுத்ததையும் கேட்க நமக்கு உரிமையுண்டு.

எடுத்தது யாது? பெயரை எடுத்தது. தாய் கூப்பிட்ட பெயருக்கு முன்னால், கடலுக்கு அப்பால் முகமறியா ஒருவர் விரும்பிய பெயர் வந்து நின்றது. கொடுத்த பணத்துக்கு ஈடாக எதுவும் கேட்கவில்லை என்று நன்கொடையாளர் மனதார நம்பியிருப்பர். ஆயினும் ஒரு குழந்தையின் பெயரைக் காட்டிலும் பெரிய விலை எதனைக் கேட்டிருக்க முடியும்? இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்வதில் நமக்குச் சிறிது மகிழ்ச்சியும் உண்டு. அப்பெயர்கள் ஈழத்திலே வேர்விட்டன. அமெரிக்க ஆர்னோல்ட் எவரென்று இங்கு எவருக்கும் தெரியாது. தமிழ்ப் பாவலர்களின் சரிதம் எழுதிய ஆர்னோல்டையே நாம் அறிவோம். மாற்றாகத் தரப்பட்ட பெயரைத் தம் உழைப்பால் தமதாக்கிக்கொண்டனர் அம்மனிதர். எதிர்பார்த்த அளவுக்கு மதமாற்றம் விளையவில்லை என்பதும் ஆங்கிலக் கல்வி மிகுந்துவிட்டது என்பதும் காரணங்களாகச் செமினரி 1855இல் மூடப்பட்டது. கொடுத்த கையின் கணக்கும் பெற்றவனின் கணக்கும் ஒன்றாயிராமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி வேதத்துக்கு வருவோம். பிள்ளை ஆதரவைப் போதிக்கும் பிரசங்கங்கள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளைச் சார்ந்து நிற்கின்றன. லூக்காவின் நல்ல சமாரியன் கதை ஒன்று. பசித்தோருக்குச் செய்தது தமக்கே செய்ததாகும் என்று இறுதி நாளில் அரசர் கூறும் மத்தேயுவின் காட்சி மற்றொன்று. இவற்றை இலக்கியமாக வாசிக்கும் எவரும், அவற்றில் இல்லாத ஒன்றைக் காணாதிரார். சமாரியன் காயத்தைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேற்செலவைத் திரும்பி வரும்பொழுது தருவதாகக் கூறிச் சென்றான். காயம்பட்டவன் நன்றி சொன்னதாகக் கதையில் ஒரு வார்த்தை இல்லை. அவன் பெயர் இல்லை. அவன் முகம் எப்படியிருந்தது என்பதும் இல்லை. இன்னொன்று: அந்தக் காலத்து யூதர் கண்ணிலே சமாரியன் தாழ்ந்தவன், தீண்டத்தகாதவன். கதையின் கூர்மையே அங்குதான் உள்ளது. மேலோன் கீழோனுக்கு உதவிய கதையன்று அது. கீழோனின் கையால் மேலோன் உயிர்பெற்ற கதை. வசதிபடைத்த சபையொன்று அக்கதையைக் கேட்டவுடன் தன்னைச் சமாரியனாகவே எண்ணிக்கொள்கின்றது. வீதியிற் கிடந்தவனாகத் தன்னை எண்ணிப் பார்க்கும் சபையை நாம் அதிகம் கண்டதில்லை.

மத்தேயுவின் காட்சி இன்னும் கடினமானது. அங்கே நீதிமான்கள் வியப்போடு கேட்கின்றனர்: எப்பொழுது உம்மைப் பசியோடு கண்டோம்? தாம் யாருக்குக் கொடுத்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த அறியாமையே அவர்களுடைய நீதி. இடதுகை அறியாமல் வலதுகை கொடுக்கவேண்டுமென்று அதே நூல் முன்னரே சொல்லியிருக்கின்றது. குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிய புகைப்படம் இந்த அறியாமையை ஒழித்துவிடுகின்றது. யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு காலம் என்பதெல்லாம் இலக்கமிட்டுத் தெரிகின்றன. விசுவாசத்தின் வெளிப்பாடு விசுவாசத்தின் பற்றுச்சீட்டாக மாறிவிடுகின்றது. அப்பொஸ்தலர் யாக்கோபுவின் நிருபமோ பிரசங்கங்களில் அருமையாகவே எடுக்கப்படும். வயலை அறுத்தவனுக்குக் கொடாமற் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக அங்கே வருகின்றது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் வாசகருக்கு அதன் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை. இவ்வழியில் வேதத்தை வாசித்த கிறிஸ்தவர்கள் இல்லாமலில்லை. பெருவின் குஸ்தாவோ குத்தியேரஸ் 1971இல் விடுதலை இறையியலை நூலாக்கினார். நம் நாட்டின் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1977இல் நற்கருணையையும் மனித விடுதலையையும் இணைத்து எழுதினார். வறியவனை இரக்கத்துக்குரிய பொருளாகவன்றி நீதிக்கு உரியவனாகக் கண்டவர்கள் இவர்கள்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். 'கல்வி பெற்றவன் பெற்றானே, பிறகென்ன குறை?' என்று கேட்பர். நியாயமான தடை. 2013இல் புரூஸ் வைடிக், போல் கிளீவே, லேன் ரட்லெட்ஜ் என்னும் பொருளியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வொன்று இந்தியா, கென்யா, உகண்டா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தது. 'கொம்பஷன்' மூலம் ஆதரவு பெற்றவர்கள், பெறாதவர்களிலும் ஓராண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்தனர் என்றும், வளர்ந்த பின் சம்பள உத்தியோகம் பெறும் வாய்ப்பும் அவர்களுக்கு மிகுந்தது என்றும் அது கண்டது. இதனை நாம் ஒதுக்கிவிட மாட்டோம். ஒன்றரை ஆண்டுப் படிப்பு ஒரு கூலியின் மகளுக்கு வாழ்க்கையையே திருப்பிவிடும். பணம் அனுப்புவதை நிறுத்துங்கள் என்று கூறுபவன் அந்த மகளின் முகத்தைப் பார்த்துக் கூறட்டும், நாம் கூறோம்.

ஆனால் அம்மகளுக்குக் கிடைத்தது எத்தகைய பிடிமானம் என்பதை 2014 மார்ச்சு மாதம் காட்டிற்று. ஒருபாற் திருமணம் செய்த கிறிஸ்தவர்களையும் பணிக்கு அமர்த்தலாம் என்று 'வேர்ல்ட் விஷ'னின் அமெரிக்கக் கிளை அறிவித்தது. அறிவித்த இரண்டே நாளில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையிலே ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் தம் பிள்ளைகளைக் கைவிட்டனர். எந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? வளர்ந்தவர்களின் கோட்பாட்டுச் சண்டையில் ஒரு பிள்ளையின் பாடப்புத்தகம் பகடைக்காயாயிற்று. அரசியலும் இத்தகையதே. இந்திய அரசு வெளிநாட்டுப் பணத்துக்கு விதித்த கட்டுப்பாட்டால் 'கொம்பஷன்' 2017 மார்ச்சில் அந்நாட்டைவிட்டு வெளியேறிய பொழுது 1,40,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் ஆதரவு ஒரே நாளில் அறுந்தது. உரிமையாகப் பெற்றதை இவ்வாறு இழக்க நேராது. தயவாகப் பெற்றதே தயவோடு போய்விடும். கொரியாவை மீண்டும் நினைக்கலாம். அன்று பெற்ற அந்நாட்டில் 'வேர்ல்ட் விஷன்' கிளை 1991 முதல் கொடுப்போர் வரிசையிற் சேர்ந்தது. 'கொம்பஷ'னும் 2003இல் அங்கே ஆதரவாளர்களைத் தேடும் அலுவலகத்தைத் திறந்தது. அந்த மாற்றத்தை விளைத்தது ஐந்து டொலர் என்று எவரும் கூறார். குத்தகைக் குடியானவனுக்கு நிலம் தந்த 1950இன் நிலச்சீர்திருத்தமும், எல்லோர்க்கும் பொதுவான பள்ளியும், தொழிற்சாலைப் பெண்களின் முதுகும் அதில் உண்டு. அவற்றின் புகைப்படம் எக்குளிர்ப்பெட்டியிலும் ஒட்டப்படவில்லை.

2002இல் அலெக்சாண்டர் பேய்ன் நெறியாண்ட 'அபவுட் ஷ்மிட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்விலக்கிய வகையை உள்ளிருந்தே உடைத்துக் காட்டியது. மதப் பிரசாரப் படமன்று அது. அதில் வரும் நிறுவனமும் சமயச் சார்புடையதன்று. ஜாக் நிக்கல்சன் நடித்த வாரன் ஷ்மிட், ஒமாகா நகரக் காப்புறுதிக் கம்பனியொன்றிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர். தொலைக்காட்சி விளம்பரமொன்றைக் கண்டு தன்சானியாவின் ஆறு வயதுச் சிறுவன் என்டுகுவுக்கு மாதம் 22 டொலர் அனுப்பத் தொடங்குகின்றார். பணத்தோடு கடிதமும் எழுதவேண்டுமாம். எழுதுகின்றார். எதை? தம் இடத்துக்கு வந்த இளைஞன் மேலுள்ள எரிச்சலை, மனைவி மேலுள்ள சலிப்பை, அவள் இறந்த பின் வந்த வெறுமையை, மகளின் கணவனாக வரப்போகின்றவன் மேலுள்ள வெறுப்பை. ஆறு வயதுப் பிள்ளைக்கு! திரையரங்கிற் சிரிப்பு எழும் இடங்கள் இவை. ஜெலிபி அம்மையாரின் கடிதங்களுக்கு டிக்கன்ஸ் நம்மைச் சிரிக்கவைத்ததற்கும் இதற்கும் ஒரு வேற்றுமையுண்டு. ஷ்மிட்டின் கடிதங்களைக் கேட்கக் கேட்க, இம்மனிதருக்கு வேறு எவருமில்லை என்பது நமக்குப் புலனாகின்றது. ஆதரவு வேண்டி நிற்பவர் யார் என்ற கேள்வியைப் படம் மெல்லத் திருப்பிவிடுகின்றது. பிரசங்க மேடை இந்த உண்மையைத் தொடுவதில்லை. ஒரு வணிகப் படம் தொட்டது.

இறுதியிலே பதில் வருகின்றது. எழுதியவன் என்டுகுவல்லன், அவனைப் பராமரிக்கும் ஒரு கன்னியாஸ்திரீ. சிறுவனுக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது என்றும், அவன் தங்களுக்காக ஒரு படம் வரைந்திருக்கின்றான் என்றும் அவர் எழுதுகின்றார். ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் கைகோத்து நிற்கும் கோட்டுச் சித்திரம். ஷ்மிட் அழுகின்றார். படம் அவ்வழுகையோடு முடிகின்றது.

பார்த்தவர் பலரும் அவ்விடத்தில் அழுதனர். நாம் அழாதிருந்தோம் என்று பெருமை பேசவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில் எமக்கு அந்தச் சிறுவனே நினைவாயிருந்தான். படம் முழுவதிலும் அவன் ஒரு புகைப்படமாகவும் ஒரு சித்திரமாகவுமே வருகின்றான். நெறியாளர் இதை வேண்டுமென்றே செய்திருக்கலாம். அப்படியாயின் அது அவர் நேர்மை. சித்திரம் வரையும்படி சொன்னது யார் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. அந்த நீண்ட கடிதங்களையெல்லாம் கன்னியாஸ்திரீ அவனுக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினாரா, காட்டியபோது, அறியாத ஒரு கிழவரின் கோபதாபங்களைக் கேட்டு அவன் என்ன நினைத்தான், விளையாடப் போகவேண்டுமென்று பாதியிலே எழுந்து ஓடினானா என்பதும் தெரியாது. அந்தக் கதையை என்டுகுவின் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுவாரானால் வாசிக்கக் காத்திருக்கின்றோம்.